ரப்பர் பால் பூசிய இறக்கை

ஐப்பசி 8, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. கொட்டகைக் கூரையில் ஓட்டை. தகரம் வைத்து அடைத்தேன். காலைக் காப்பி ஆறிப்போனது.

பத்து மணிக்கு மேல் கிள்ளான் பக்கத்துக் காப்பாரிலிருந்து லோரி வந்தது, இறக்கைத் துணியோடு. நன்றாக வந்திருக்கிறது. மருமகன் தங்கராசு அங்கே ரப்பர் தோட்டத்தில் கிராணி, கணக்கெழுதுகிறவன். ஒரு தடவையாவது சொன்னதைச் சொன்னபடி செய்திருக்கிறான். மல் துணியில் இரண்டு பூச்சு ரப்பர் பால். பிறகு ஷீட் காயப்போடும் புகைக்கூட்டில் தொங்கவிட்டு நல்ல புகை. கருப்பட்டி நிறம். செம்பு நிறையத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். ஒரு சொட்டு உள்ளே போகவில்லை.

வெள்ளைக்காரன் ஆகாயக் கப்பல் துணிக்கு ஏதோ மருந்து பூசுகிறான். படத்தில் பார்த்திருக்கிறேன். அந்த மருந்தை எனக்கு எவன் தருவான்? இந்த மலாய் நாட்டில் மரத்தைக் கீறினால் வருவதைப் பூசினேன். இது எவன் மூளைக்கும் எட்டியிருக்காது.

நாற்றம்தான். வீட்டுக்காரி செல்லம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றாள்.

"வீடே புகைக்கூடு மாதிரி நாறுது. தீபாவளிக்கு ஒரு முறுக்கு சுட முடியுமா இதுக்குள்ள?"

"பறக்கப்போற துணி. நாறினா என்ன?"

"அப்ப மொதல்ல அதைப் பறந்து போகச் சொல்லுங்க."

மத்தியானம் துணியை மூங்கில் சட்டத்தில் இழுத்துப் பிடித்துத் தைத்தோம். தைத்தவள் அவள்தான். திட்டிக்கொண்டே தைத்தால் அவள் தையல் இன்னும் நெருக்கமாக விழுகிறது. இடது இறக்கை முடிந்தது. மடக்கிப் பார்த்தேன். கதவு மாதிரி பின்னால் மடங்கி, கொட்டகையில் நிற்கும் என் காரின் விலாவோடு ஒட்டிக்கொள்கிறது. கீல், பழைய ரயில் பெட்டிக் கதவின் கீல். ஆட்டம் இல்லை.

ஐப்பசி 9, செவ்வாய்

வலது இறக்கை. பல்வலி. கிராம்பு.

சாயங்காலம் கனகசபை வந்தார், குடையோடு. ரயில்வேயில் டிராயிங் ஆபீஸில் இருந்தவர், யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் வரிசையில் இரண்டு வீடு தள்ளி. நான் வொர்க்ஷாப்பில் ஃபிட்டர். அவர் கோடு போட்டதை நான் இரும்பில் செய்திருக்கிறேன். அவர் கோட்டில் பிழை இருந்ததையும் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் இந்த சிநேகிதம்.

"அருணாசலம், உதென்ன காணும்? துணியோ தோலோ?"

"ரப்பர்."

"ஏன், காருக்கு மழைக்கோட்டோ?"

மீந்து கிடந்த துண்டைக் கையில் தூக்கிப் பார்த்தார். சிரிப்பு நின்றது. வீட்டுக்குப் போய்ச் சின்னத் தராசு கொண்டுவந்து நிறுத்தார். பழைய காலண்டர் தாள் பின்னால் கணக்கு. பென்சிலை நக்கி நக்கி எழுதினார்.

"உந்தப் பாரத்தை உந்த இன்ஜின் தூக்காது. கஞ்சி போட்ட வெறுந்துணி எண்டால் கால்வாசிப் பாரம்தான்."

"இந்த ஊர்ல தினமும் மழை. நடு வானத்துல கஞ்சி கரைஞ்சு துணி தொங்கினா?"

"நடு வானத்துக்குப் போனால் எல்லோ."

போகச் சொன்னேன். காப்பியைக் குடித்துவிட்டுத்தான் போனார்.

துணியை மாற்ற மாட்டேன். பாரம் வேறு எங்கேயாவது குறையும்.

ஐப்பசி 10, புதன்

மழை. சவரக்கடையில் என் முதுகுக்குப் பின்னால் ஒருவன்: "பறக்கற கார் கெழவன்தான் இது. போன வெள்ளத்துல முழுகின காரைத் தூக்கிக்கிட்டு வந்து வெச்சிருக்கான்." இன்னொருவன்: "முழுகினது பறக்குமாடா?"

அரைச் சவரத்தோடு எழுந்து வந்துவிட்டேன். இப்போது ஒரு கன்னம் வழுக்கை, ஒரு கன்னம் முள்.

முழுகின கார்தான். அதனால்தான் இந்த வேலையே. அந்த வெள்ளத்தில் எங்கள் பிரிக்ஃபீல்ட்ஸில் கழுத்தளவு தண்ணீர். ரோடு இல்லை, ரயில் இல்லை. கிள்ளானுக்கு அப்பால் காப்பாரில் மகள் பாக்கியத்துக்குப் பிரசவ வலி. வீட்டு ஓட்டின் மேல் உட்கார்ந்து நானும் செல்லம்மாவும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிள்ளை தங்கவில்லை. அதற்கும் தண்ணீருக்கும் சம்பந்தமில்லை என்றார் டாக்டர். இருக்கலாம்.

எனக்கு வேண்டியது ஆகாயக் கப்பல் இல்லை. என் வீட்டு வாசலில் கிளம்பி, ரோடு இருக்கும்வரை ரோட்டில் போய், ரோடு முழுகின இடத்தில் மேலே போய், மறுபடி ரோட்டில் இறங்கி மகள் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். காராகவும் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று செய்யும் என்கிறார்கள் எல்லோரும். ஒன்றைச் செய்வதற்கு நான் எதற்கு?

ஐப்பசி 11, வியாழன்

தங்கராசு பஸ்ஸில் வந்தான். முகம் சரியில்லை.

"மாமா, பெரிய துரை சீமையில இருந்து வராரு. இருபத்திரெண்டாந் தேதி திங்கக்கெழம தோட்டத்துல இருப்பாரு."

"வரட்டுமே."

"என்னா வரட்டும்? அவரு இல்லாததுனாலதான் சின்ன துரை ஓட்டிப் பாக்க அந்த ரோட்டைக் குடுத்தாரு. அவரு எளசு, மெஷினுன்னா வேடிக்கை. பெரியவரு வந்தப்புறம் இதைத் தோட்டத்துல பாத்தாருன்னா என் வேலை போயிரும் மாமா."

ஞாயிறு சின்ன துரை துறைமுகத்துக்குப் பெரியவரை அழைக்கப் போகிறார். ஆக, வண்டி தயாராகி மிச்சம் இருப்பது சனிக்கிழமை 20-ஆம் தேதி ஒரு நாள்தான். புதுக் கன்று நட்ட இடத்தில் செம்மண் ரோடு, அம்பு மாதிரி நேர். கடல் காற்று எதிரில் வரும். வேறு இடத்தில் இப்படி ஒரு ரோடு எனக்கு எவன் விடப்போகிறான்? பாதாங் மைதானத்தில் கேட்டதற்குப் பந்தடிக்கும் இடம் என்று விரட்டினார்கள்.

பாரம் குறையக் கழற்றியவை: மேல் கூடு, இரண்டாவது ஸீட், மட்கார்டு நான்கும், விளக்கு, ஹாரன், கால் வைக்கும் பலகை, கதவு.

காரில் கார் குறைந்துகொண்டே வருகிறது. ஆனாலும் ஓடும். ரோட்டில் ஓடும்வரை அது கார்தான்.

ஐப்பசி 12, வெள்ளி

காலையில் சந்தில் ஓட்டினேன். பின்னால் விசிறி சுற்றுவதில் பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த துணியெல்லாம் சாக்கடையில். அந்த அம்மாளோடு ஒரு மணி நேரச் சண்டை. சண்டையில் நான் சொன்னது: விசிறி நன்றாக இழுக்கிறது என்பதற்கு இதைவிட ருசு வேண்டுமா. அந்த அம்மாள் சொன்னதை எழுத முடியாது.

கனகசபை, சுருக்கமாக க.ச., மறுபடி வந்து எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்தார். காலண்டர் தாள்.

"கிட்டத்தட்ட வந்திட்டுது. இன்னும் பத்துப் பதினைஞ்சு இறாத்தல் குறைஞ்சால், எதிர்காற்றும் இருந்தால், எழும்பினாலும் எழும்பும்."

எதையும் ஒப்புக்கொள்ளாத மனிதர் இவ்வளவு சொன்னது பெரிது. இன்னும் எதைக் கழற்றுவது என்று சுற்றிச் சுற்றி வந்தேன். அவர் பல் குத்திக்கொண்டே:

"கழட்ட வேண்டிய சாமான் ஒண்டுதான் மிச்சம். நீர்தான். உம்முடைய மருமகன் மெலிஞ்ச ஆள், தோட்டத்து லோரியும் ஓட்டத் தெரிஞ்ச ஆள். அவரை இருத்தினால் கணக்குச் சரி."

என்ன சொன்னேன் என்று நினைவில்லை. சத்தம் கேட்டு செல்லம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

வொர்க்ஷாப்பில் தலை நரைக்கும்வரை இருந்தவன் நான். செத்துக் கிடந்த இன்ஜினுக்கெல்லாம் உயிர் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். கொடி காட்டினவுடன் வேறு எவனோ ஏறி ஓட்டிக்கொண்டு போவான். டிரைவர் வேலைக்குத் திரும்பத் திரும்பக் கேட்டேன். கை நல்ல கை, படிப்பு இல்லை என்றார்கள். யார்டுக்குள்ளே நகர்த்தக்கூட விடவில்லை. நான் துடைத்த நெம்புகோலை நான் பிடித்ததில்லை.

இது என் வண்டி. நான்தான் உட்காருவேன். வேறு எவன் உட்கார்ந்து பறந்தாலும் அது பறக்காததற்குச் சமம்.

ஐப்பசி 13, சனி

பல்வலி இல்லை. பெல்ட்டில் ஒரு ஓட்டை தளர்த்தியிருக்கிறேன் என்பதை இன்றுதான் கவனித்தேன். கழற்ற வேண்டிய சாமான். மனுஷன் நாக்கில் விஷம்.

வால் பலகையின் நெம்புகோலுக்குப் புதிதாகப் பிரம்பு சுற்றினேன். இடது கையில் ஸ்டீயரிங், வலது கையில் நெம்புகோல். வேகம் பிடித்ததும் நெம்புகோலை வயிற்றை நோக்கி இழுக்க வேண்டும். வயிறு இடிக்கிறது.

ஐப்பசி 14, ஞாயிறு. தீபாவளி

எண்ணெய்க் குளியல். வெயில்! இன்று போய் வெயில்.

தங்கராசுவும் பாக்கியமும் வந்திருந்தார்கள். இட்டிலி, ஆட்டுக்கறி, அதிரசம், முறுக்கு. எல்லாம் புகை வாசனை. ஒருவரும் சொல்லவில்லை. பாக்கியம் மட்டும், "அப்பா, இந்த அதிரசத்தை மழையில வெச்சாலும் நனையாது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் நான்காவது அதிரசத்தைக் கையில் எடுத்தவன் வைத்துவிட்டேன்.

செல்லம்மா பாக்கியத்திடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "நாளைக்கி கந்த சஷ்டி தொடங்குது. ஆறு நாளு. இந்த வருசமும் நான் ஒருத்திதான். உங்கப்பா கோயில் வாசப்படி மிதிச்சு எத்தன வருசமாச்சு."

ஆறு நாள். சனிக்கிழமை சஷ்டி. 20-ஆம் தேதி.

"நானும் இருக்கேன்" என்றேன்.

அடுப்படியில் கரண்டி விழுந்தது.

ஐப்பசி 15, திங்கள். விரதம் முதல் நாள்

ஒரு தம்ளர் பால், சாயங்காலம். வேறொன்றும் இல்லை. செல்லம்மா பழம் சாப்பிடலாம் என்றாள். வேண்டாம் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை! கல்யாணத்தன்றுகூட அப்படிப் பார்த்ததில்லை.

கோயிலுக்குக் கூட்டிப்போனாள். தேருக்கு நான் சொன்ன பிரேக்கை வேண்டாம் என்று கமிட்டிக்காரர்கள் சொன்ன நாளிலிருந்து நான் உள்ளே போகவில்லை. அந்தத் தேர் இன்றும் இறக்கத்தில் கட்டை போட்டுத்தான் நிற்கிறது. குருக்கள் கையில் காப்புக் கட்டினார். கமிட்டிக்காரர் ஒருவர், "முருகன் இழுத்துட்டான் பாத்தீங்களா" என்றார். வாயை மூடிக்கொண்டிருந்தேன். திரும்பும்போது தேர் அச்சை மட்டும் குனிந்து பார்த்தேன். துரு.

காரணத்தை அவளிடம் சொல்லலாம்தான். சொன்னால் சோற்றைத் தட்டில் போட்டு முன்னால் உட்கார்ந்துவிடுவாள். சனிக்கிழமைக்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

ஐப்பசி 16, செவ்வாய்

பசி. பெல்ட் பழைய ஓட்டைக்கு வந்துவிட்டது. சங்கிலிக்கு எண்ணெய். வாசலில் ரொட்டிக்காரன் மணி அடித்தபோது கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அவளும் ஒரு தம்ளர் பால்தான். நான் பழம் சாப்பிடாததால் அவளும் இல்லையாம். "நீ சாப்பிடேன்" என்றேன். "நீங்க எதுக்காக இருக்கீங்கன்னு நான் கேக்கல. நான் எதுக்காக இருக்கேன்னு நீங்க கேக்காதீங்க. வேண்டுதல வெளிய சொன்னா பலிக்காது."

நல்லதாகப் போயிற்று.

ஐப்பசி 17, புதன்

குனிந்து நிமிர்ந்தால் கண்ணில் பூச்சி. ஸ்பானர் நழுவிக் கால் விரலில்.

க.ச. என் கையில் காப்பைப் பார்த்தார். பிறகு பெல்ட்டைப் பார்த்தார். பிறகு வண்டியைப் பார்த்தார். குடை கீழே விழும்வரை சிரித்தார்.

"கந்தனுக்குத் தெரியுமோ காணும், உந்தக் கணக்கு?"

"மயில் மேல போறவனுக்கு எடை தெரியாதா?"

"ஓம், ஓம். அவர் மெலிஞ்ச பிள்ளை. ஒருக்காலும் மலையைத் தூக்கிக்கொண்டு மயிலில் ஏறேல்லை."

செல்லம்மாவிடம் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் வாங்கினேன். சனிக்கிழமை அளவு நாடாவோடு வருகிறேன் என்றார். வந்து என்னத்தை அளப்பார்? "சக்கரத் தடத்தை. ஈர மண் பொய் சொல்லாது. தடம் எங்கே விடுது, எங்கே தொடங்குது எண்டு பார்த்தால் தெரியும், பறந்ததோ இல்லையோ." வரட்டும். அந்த வாயால் சொல்ல வைக்கிறேன்.

ஐப்பசி 18, வியாழன்

மழை. ஒன்றும் ஓடவில்லை. படுத்தே இருந்தேன். தூங்கவும் இல்லை. அடுத்த வீட்டில் கருவாடு வறுக்கிறார்கள், வேண்டுமென்றே.

செல்லம்மா நெற்றியில் விபூதி பூசிவிட்டாள். கை ஜில்லென்று இருந்தது. அவளும் மெலிந்துவிட்டாள்.

ஐப்பசி 19, வெள்ளி. காப்பார் தோட்டம்

வந்து சேர்ந்தாயிற்று. இறக்கையை மடக்கிக் கயிறு போட்டுக் கட்டி, ரோட்டு வழியாக, சொந்தச் சக்கரத்தில். மாட்டு வண்டிகள் ஒதுங்கின. கிள்ளான் அருகில் ஒரு போலீஸ்காரர் நிறுத்தினார், மலாய்க்காரர், வயதானவர். சுற்றி வந்து இறக்கையைத் தட்டிப் பார்த்து, இது என்ன என்றார். "கெரேத்தா தெர்பாங்" என்றேன், பறக்கிற கார். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ரோட்டில் பறக்காதே, அது மட்டும் போதும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். மரியாதை தெரிந்த மனிதர். என் ஊர்க்காரன் எவனும் இவ்வளவு மரியாதையாகப் பேசவில்லை.

செல்லம்மாவும் க.ச.வும் ரயிலில் வந்து, பிறகு பஸ். தோட்டத்துக் கோயிலிலேயே சூரசம்ஹாரம் பார்க்கலாம் என்று நான்தான் அவளிடம் சொல்லியிருந்தேன். சந்தோஷமாக வந்தாள்.

சாயங்காலம் ஸ்டோரில் ரப்பர் ஷீட் நிறுக்கும் தராசில் ஏறினேன். தங்கராசு படிக்கல்லை நகர்த்தினான். க.ச. கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார்.

"சரி காணும். கணக்குக்கு வந்திட்டீர்."

கை தட்டினேன் போலிருக்கிறது. திரும்பினால் செல்லம்மா வாசலில், கையில் பால் தம்ளர்.

"எதுக்கு நிறுக்கறீங்க?"

நான் தராசிலிருந்து இறங்கினேன். க.ச. கூரையைப் பார்த்தார். சத்தியம் செய்யாதவன் ஒருவன்தான் அங்கே இருந்தான். தங்கராசு, "எடை கொறையணும்னுதானே அத்தே மாமா பட்டினி கெடக்கறாரு? உங்களுக்குத் தெரியாதா?"

தம்ளரைத் தராசுத் தட்டிலேயே வைத்தாள்.

"அப்ப முருகனுக்கு இல்ல."

"முருகனுக்கும்தான்" என்றேன். மயில் எடை பற்றிச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"நான் எதுக்கு இருந்தேன் தெரியுமா? நீங்க இதுல ஏறக்கூடாதுன்னு. இது உங்களைக் கொன்னுரும்னு. ஆறு நாளா அதான் கேட்டுக்கிட்டு இருந்தேன். நீங்க பக்கத்துல உக்காந்து கண்ண மூடிக்கிட்டு ஏறணும்னு கேட்டுக்கிட்டு இருந்தீங்களா?"

போய்விட்டாள். பாக்கியத்தின் அறைக்குள் கதவு சாத்தும் சத்தம்.

ஒரே பட்டினி. இவள் ஒரு பக்கம் இழுக்கிறாள், நான் ஒரு பக்கம். வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் நாளைக்கு ஏறுவேன்.

ஐப்பசி 20, சனி

இடது கையால். எழுத்து கோணல். உயிரோடு இருக்கிறேன். வலது மணிக்கட்டு வீங்கிப் பூசணி. நாளைக்கு எழுதுகிறேன்.

ஐப்பசி 21, ஞாயிறு

மழை. வலி. மற்றவர்கள் திரித்துச் சொல்வதற்கு முன்னால் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்க வேண்டும்.

நேற்று மத்தியானம்வரை தூறல். ரோடு சிவப்பாக, ஈரமாக. நான்கு மணிக்குக் கடல் காற்று எழும்பியது. இறக்கையை விரித்தோம். சூரசம்ஹாரத்துக்குப் புதுத் துணி கட்டிக்கொண்டு கிளம்பிய சனம் முழுக்க முதலில் இங்கே வந்துவிட்டது. தப்பு மேளம் அடிக்கிறவர்கள்கூட.

"ஐயா, சூரன் வேசம் உங்களுக்கா?"

"மேல போனா என் மாமியா வீட்ல எட்டிப் பாத்துச் சொல்லுங்க தாத்தா, என்ன கொழம்புன்னு!"

பாக்கியம் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். சின்ன துரை கால்சட்டைப் பையில் கை விட்டுக்கொண்டு சிரித்த முகமாய். செல்லம்மா இல்லை.

இன்ஜினைக் கைப்பிடி போட்டுச் சுற்றினேன். எத்தனை வருஷம் செய்த வேலை. இன்ஜின் எதிர்த்து உதைக்கும்போது கையை எடுத்துவிட வேண்டும், எந்த ஃபிட்டருக்கும் தெரியும். பட்டினி கிடந்த கை. எடுக்கச் சொன்னேன், எடுக்கவில்லை. கைப்பிடி திரும்பி மணிக்கட்டில் அடித்தது. கண் இருட்டிவிட்டது. எழுந்தபோது விரலை மடக்க முடியவில்லை.

வலது கை இல்லாமல் நெம்புகோலை எப்படி இழுப்பது?

சின்ன துரை கோட்டைக் கழற்றினார். தோட்டத்துத் தமிழில், "ஐயா, உன் கை போச்சி. நான் ஓட்டும். நீ பாரு." மெலிந்த ஆள். க.ச.வின் கணக்குக்கு என்னைவிடப் பொருத்தம். ஸீட்டில் கை வைத்தேவிட்டார்.

தங்கராசு காதுக்குள்: "குடுத்துருங்க மாமா. அவரு கோவிச்சா என் கதி?"

பாக்கியத்தின் சோறு அதில் இருக்கிறது. தெரியும். தெரிந்தும் ஒற்றைக் கையால், இன்ஜினுக்குப் பொறி தரும் மேக்னெட்டோ வயரைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன். தப்புச் சத்தம் நின்றுவிட்டது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு செல்லம்மா வந்தாள். எங்கே நின்றிருந்தாளோ. முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து என்னோடு பேசாதவள். என்னைப் பார்க்காமல் தங்கராசுவிடம் கேட்டாள்:

"தொரை என்ன சொல்றாரு?"

"அவரே ஓட்டறாராம் அத்தே."

"ஆறு நாளு பட்டினி கெடந்தது அவரா?"

தங்கராசு இதைத் துரைக்குச் சொல்லத் தேவைப்படவில்லை. சின்ன துரைக்கு அந்த அளவு தமிழ் தெரியும். முகம் சிவந்தது. என்ன செய்யப்போகிறாரோ என்று பார்த்தோம். கையை எடுத்துக்கொண்டு, கோட்டைத் திரும்பப் போட்டுக்கொண்டு, "சரி அம்மா" என்று சொல்லித் தள்ளி நின்றார்.

மஞ்சள் தோய்த்த துண்டு வைத்திருந்தாள், கோயிலுக்கு எடுத்துப் போக. என்னை ஸீட்டில் உட்காரவைத்து, அதைக் கிழித்து என் முழங்கையையும் மணிக்கட்டையும் நெம்புகோலோடு சேர்த்துக் கட்டினாள். இறுக்கி. தோளால் பின்னால் சாய்ந்தால் நெம்புகோல் வரும்.

"நீ வேண்டிக்கிட்டது?" என்றேன்.

"அது எனக்கும் முருகனுக்கும். நீங்க நெம்புகோலப் பாருங்க."

வயரை மாட்டித் தங்கராசு சுற்றினான். பிடித்தது. எலுமிச்சம்பழம் நசுங்கியது. கிளம்பினேன்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்கே சரியாகத் தெரியவில்லை. இதை இங்கே மட்டும் எழுதுகிறேன், வெளியே சொல்லப்போவதில்லை. வேகம் வந்தது. காற்று முகத்தில். வால் தூக்கியது. சாய்ந்தேன். கட்டின கையில் வலி உச்சந்தலைக்கு ஏறியது. கண்ணில் பூச்சி, பிறகு வெள்ளை. எவ்வளவு நேரம், தெரியாது. பிறகு பெரிய இடி. இடது இறக்கை வாய்க்காலில். ரப்பர் துணி கிழியவில்லை, மூங்கில்தான் முறிந்தது. அதை எல்லோருக்கும் காட்டினேன்.

சனம் ஓடி வந்தது. க.ச. நாடாவைத் தூக்கிக்கொண்டு, "மிதியாதேங்கோ! மிதியாதேங்கோ! தடம்! தடம்!" என்று கத்திக்கொண்டே வருகிறார். யார் கேட்பது? அத்தனை காலும் என் தடத்தின் மேல். ஓரிடத்தில் இரண்டு பக்கமும் தடம் இல்லாதது போலத் தூரத்திலிருந்து தெரிந்ததாம், நாடாவை விரிப்பதற்குள் சேறாகிவிட்டதாம்.

சின்ன துரை எழும்பியது என்றார். தங்கராசு ஒரு முழம் என்றான். பாக்கியம் ஆள் உயரம் என்றாள். தப்பு அடிக்கிறவர் மர உயரத்துக்கு மேலே போனேன் என்று சத்தியம் செய்தார்.

"இத்தனை பேர் இத்தனை அளவு சொன்னால் ஒருத்தரும் சரியாய்ப் பார்க்கேல்லை எண்டு அர்த்தம்" என்றார் க.ச. "தூக்கினதோ, மேட்டில் துள்ளினதோ, நான் சொல்ல மாட்டன்."

பறந்தது என்றேன். நீர் என்ன கண்டீர் என்றார். என்னத்தைச் சொல்ல? பறந்தது என்றேன் மறுபடியும். மற்றவர்கள் இரவுச் சாப்பாடு முடிக்கும் வரை இதே பேச்சு, பிறகு அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சின்ன துரை காலையில் துறைமுகத்துக்குப் போய்விட்டார். வண்டியைப் பிரித்து லோரியில் ஏற்றச் சொல்லிவிட்டேன். நாளைக்குப் பெரிய துரை வரும்போது ரோட்டில் ஒன்றும் இருக்காது. மூங்கில் வேறு பார்க்க வேண்டும். இன்ஜினும் கொஞ்சம் பெரிதாக வேண்டும்.

இப்போது பாரணை, விரதம் முடிக்கும் சாப்பாடு. செல்லம்மா எனக்கு ஊட்டிவிட்டாள். கை இல்லாததால்தான். பருப்பும் சோறும். ஆறு நாளைக்குப் பிறகு தொண்டையில் இறங்கவே நேரம் ஆகிறது. பிறகு அவள் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அவளிடம் மட்டும் நான் கேட்டிருக்கவில்லை. பயமாக இருந்தது. இரண்டாவது கவளத்தில் கேட்டேன்.

"நீ பாத்தியா?"

"இல்ல."

"அங்கதானே நின்ன?"

"கண்ண மூடிக்கிட்டேன். யாரு பாக்கறது அந்தக் கூத்த?"

அவள் சாம்பாரை ஊற்றிக்கொண்டாள்.

"சத்தம் நின்னப்பகூடக் கண்ணத் தொறக்கல. நீங்க செத்துட்டீங்கன்னு நெனச்சேன்."

"இடிச்சப்பவா?"

"அதுக்கு முன்னாடிங்க. தடதட தடதடன்னு போய்க்கிட்டே இருந்துச்சு, தகரத்தக் கல்லுல இழுக்கற மாதிரி. அப்படியே அது நின்னு போச்சு. வெறும் உர்ருங்கற சத்தம் மட்டும். ஒரு முருகா சொல்லி, ரெண்டாவது முருகா பாதி சொன்னேன். அப்புறம்தான் மறுபடி தடதடன்னு விழுந்துச்சு."

"எது நின்னுச்சு? இன்ஜினா?"

"இன்ஜின்தான் உர்ருன்னுச்சே. சக்கரங்க. சக்கரச் சத்தம் இல்ல."

க.ச. வெளியே பஸ்ஸுக்குக் குடையை விரித்துக்கொண்டிருக்கிறார். எழுந்திரு, அவரிடம் வந்து சொல் என்கிறேன். சாப்பிட்டு முடிக்கிறேன் என்கிறாள். பஸ் நிற்குமா?